பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. வெண்கோலை எப்போது கையில் எடுப்பது?

விருதுபட்டிக்காரன் (இழையைத் தொடங்கியவர்), மார்ச் 3, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு கண் தெரியாமல் தடுமாறுவது எனக்குப் பள்ளி நாளிலேயே தொடங்கிவிட்டது. ஊரில் அதற்கு மாலைக்கண் என்று பெயர் இருந்ததால், அம்மா முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயுமாகக் கொடுத்து வளர்த்தார். அது சத்துக் குறைவால் வந்தது அன்று, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய் என்பது 29ஆம் வயதில்தான் தெரிந்தது. என் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளுமாக மணந்துகொண்டவர்கள். மருத்துவர் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட நாளிலிருந்து அம்மா என் கண்ணைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை.

இப்போது நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது. வெளிச்சம் இருந்தால் கோப்பைப் படித்துவிடுகிறேன். எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தேதியைக்கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் காலடியில் கிடக்கும் முக்காலி தெரியாது, பக்கத்தில் வந்து நிற்பவர் தெரியாது. சென்ற மாதம் அலுவலகத் தாழ்வாரத்தில் குடிநீர்க் குடத்தை இடறிக் கவிழ்த்தபோது, "காலையிலேயேவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் குடிப்பவன் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பிறகு, குடித்திருக்கிறான் என்று நினைத்தாலே நல்லது என்று குனிந்து குடத்தை நிமிர்த்தி வைத்தேன். கல்யாண வீடுகளில் யாரோ நீட்டிய கையைப் பற்றாமல் கடந்து போய், தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயரும் வாங்கியிருக்கிறேன்.

மறைப்பதற்கென்றே சில வித்தைகளைக் கற்று வைத்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் முதுகைப் பார்த்தபடியே நடப்பேன். இருட்டிவிட்டால், மகள் வந்து அழைத்துப் போகும் வரை ஒரே இடத்தில் நின்று, கைபேசியில் இல்லாத ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பேன். இவ்வளவுக்கும் நான் பார்வையற்றோர் பிடித்து நடக்கும் வெண்கோல் ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அது பீரோவுக்கு மேல் இருக்கிறது.

கொஞ்சம் பார்வை இருக்கும்போதே கோலைப் பிடிப்பது வேடம் போடுவது ஆகாதா? அலுவலகத்தில் தெரிந்தால் வேலை போய்விடுமா? இந்த நோய் உள்ள இன்னொரு மனிதரோடு நான் இதுவரை ஒரு முறைகூடப் பேசியதில்லை. அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது?

கண்ணாடிப் பெட்டி, மார்ச் 3, இரவு 11.05

ஐயா, நான் குறைபார்வைப் பிரிவு ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் கண் பரிசோதகர். உங்கள் வீட்டாரை ஒரு கையை முழுதாக முன்னே நீட்டி, விரல்களை மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூடிய கையின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதே அளவுள்ள ஓட்டை வழியாக மட்டுமே வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நாட்காட்டியின் தேதி தெரிகிறவருக்கு முக்காலி ஏன் தெரியவில்லை என்பது அவர்களுக்கு அரை நிமிடத்தில் விளங்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பார்வையின்மையை வரையறுக்கும்போது எழுத்துப் பலகையை மட்டும் பார்க்கவில்லை. நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் பார்வைக் கூர்மை 3/60க்குக் கீழே (மற்றவர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரிலும் காண முடியாமல்) இருந்தால் அது பார்வையின்மை. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பு, 10 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தாலும் அது பார்வையின்மைதான், கூர்மை 6/6ஆக, அதாவது முழுமையாக, இருந்தாலும் சரி. 10 பாகை முதல் 40 பாகைக்குள் இருப்பது குறைபார்வை. பலகையின் கடைசி வரி வரை வாசித்துவிட்டு எழுந்து போய் என் அறைக் கதவில் மோதிக்கொள்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். எனவே வேடம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். புலப் பரிசோதனை அண்மையில் செய்யவில்லை என்றால் அதை முதலில் செய்துகொள்ளுங்கள். சான்றிதழுக்கும் அதுவே வேண்டும்.

இந்த நோயில் மங்கிய வெளிச்சத்துக்கு உதவும் குச்சி செல்கள் முதலில் அழிகின்றன. அவை விழித்திரையின் ஓரங்களில் நிறைந்திருப்பவை என்பதால் இரவும் பக்கவாட்டும் முதலில் போகின்றன. நடுவில் இருக்கும் கூம்பு செல்கள் பிற்பாடுதான் பாதிக்கப்படும். மருந்து இல்லை என்று கேட்டதும் பலர் கண் மருத்துவமனைப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. இந்நோய் உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே கண்புரை வருவதுண்டு, விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. இவ்விரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை காட்டிக்கொண்டால், மீதமுள்ள பார்வையில் வீணாகப் போவதைத் தடுக்கலாம். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சை, ஆர்.பி.இ.65 என்ற ஒற்றை மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டுமே உரியது. எல்லாருக்கும் பொருந்தும் என்று விளம்பரம் செய்து பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உங்கள் தாயாரைப் பற்றி ஒன்று. ஒரு மரபணுவின் பழுதான பிரதி ஒன்று தந்தையிடமும் ஒன்று தாயிடமும் இருந்து, இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்வதால் வருகிற வகைகள் இந்நோயில் உண்டு. சொந்தத்தில் மணந்தால் அந்த வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் தம்மிடம் அப்படி ஒரு பிரதி இருப்பதை எந்தத் தாயாலும் அறிந்திருக்க முடியாது. இதை அவரிடம் யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா?

ஆறு புள்ளி, மார்ச் 4, காலை 6.20

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்ந்ததால், என்னைப் போன்றவர்களைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் இருந்த அனைவருமே என்னைப் போன்றவர்கள்தாம். ஆகவே உங்கள் தனிமையை நான் முழுதாக அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இடையில் பார்வை இழந்த பலர் சங்கக் கூட்டத்துக்கு வந்தால் முதல் ஒரு மணி நேரம் "எல்லாம் போய்விட்டது" என்று புலம்புகிறார்கள். அந்த "எல்லாம்" இல்லாமலேயே படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தும் நாற்பது பேர் சுற்றிலும் உட்கார்ந்திருப்பதை அவர்கள் நினைப்பதில்லை.

கோலைப் பற்றி. அதை நிமிர்த்தி வைத்தால் நெஞ்செலும்பு வரை எட்ட வேண்டும். கிழவர் ஊன்றும் தடியைப் போலக் குட்டையாக இருக்கக் கூடாது. முனையைத் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வலமும் இடமும் வீச வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது முனை இடப்பக்கம் தட்ட வேண்டும், ஏனெனில் அடுத்து இடக்கால் விழப்போகும் இடத்தை அது முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் கால் போகும் பக்கமே கோலையும் கொண்டுபோவார்கள். வீட்டுக் கூடத்தில் இதை எண்ணி எண்ணிப் பழகிய பிறகு தெருவுக்கு வாருங்கள். கோல் இடுப்புக்குக் கீழே இருப்பதை மட்டுமே சொல்லும். தேநீர்க் கடைத் தார்ப்பாய்க் கயிற்றையும், பாதி இறக்கிய கடைக் கதவையும், நிறுத்தி வைத்த லாரியின் பின்பலகையையும் அது சொல்லாது. அவற்றுக்கு நெற்றிதான் ஆசிரியர்.

ஓய்வுபெற்ற கணக்கு, மார்ச் 4, காலை 10.15

ஆறு புள்ளி தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் தஞ்சாவூரில் முப்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து, 56ஆம் வயதில் சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தம் கசிந்து பார்வையை இழந்தவள். உங்களுக்கு இல்லாதது எனக்கும் இல்லை என்பது சரிதான். ஆனால் இல்லாமல் இருப்பதும் இருந்து போவதும் ஒன்றல்ல, தம்பி. பேரனின் முகம் எனக்கு மூன்று வயது வரை தெரியும். இப்போது அவனுக்குப் பதினொன்று. என் நினைவில் அவன் இன்னும் மூன்று வயதுப் பிள்ளையாகவே நிற்கிறான். அதைச் சொல்லி ஒரு மணி நேரம் அழுதால், அந்த ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது மணி நேரத்தில் கோலைப் பற்றிக் கேட்போம்.

விருதுபட்டித் தம்பிக்கு: எனக்கு முதல் தெளிவைக் கொடுத்தது மருத்துவரும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் தெருவில் ஊதுபத்தி விற்க வரும் பார்வையற்ற பெரியவர் ஒருவர். நான் கொடுத்த தாளை விரலிடுக்கில் வைத்து ஒரு கணம் மடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் இருநூறு கொடுத்திருக்கிறீர்கள், நூறு என்றல்லவா சொன்னீர்கள்" என்று திருப்பித் தந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அன்று மாலை வரை அவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன். புதிய வரிசைத் தாள்களில் நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றுக்கும் அகலம் 66 மில்லிமீட்டர்தான். நீளம் மட்டும் 142, 146, 150 என்று நாலு நாலாகக் கூடுகிறது. நாலு மில்லிமீட்டர் என்பது அரிசி மணி ஒன்றின் நீளம்கூட இல்லை. அதை விரல் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்! கணக்கு வாத்தியார் புத்தி போகுமா? அட்டையில் மூன்று அளவுக்கும் மூன்று வெட்டு வெட்டி ஓர் அளவுகோல் செய்து பணப்பையில் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் மேடாக அச்சிட்ட சாய்கோடுகளும் உண்டு: நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து, இருநூறில் நான்கு கோடும் நடுவே இரண்டு சிறு வட்டங்களும். தாள் புதியதாக இருக்கும் வரை அவை விரலுக்குத் தெரியும். சந்தையில் பத்துக் கை மாறிய பிறகு தெரியாது. ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட மணி என்ற செயலி, கைபேசிக் கேமராவைக் காட்டினால் தாளின் மதிப்பைச் சொல்கிறது; ஆனால் காய்கறிக்காரர் முன்னால் நின்று ஒவ்வொரு தாளாகப் படம் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

அந்தப் பெரியவர் வழியாக இன்னொருவர், அவர் வழியாக நால்வர் என்று, இன்று பதினேழு பேர் ஒவ்வொரு செவ்வாய் மாலையும் தொலைபேசியில் கூடிப் பேசுகிறோம். மதுரைப் பக்கத்தார் ஏழெட்டுப் பேர் நேரிலும் சந்திக்கிறார்கள். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

பொருநைக் கரை, மார்ச் 4, பிற்பகல் 2.30

மாறான கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். என் தந்தைக்கு 68 வயது. கண் நீர் அழுத்த நோயால் ஒரு கண் முழுதும் போய், மறு கண்ணில் சிறிதளவே மீதம் இருக்கிறது. கோலைப் பிடித்தால் வழிப்பறிக்காரனுக்கு நாமே அழைப்பு வைத்ததாகிவிடும் என்று அஞ்சுகிறேன். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குடும்பத்தில் கண் கோளாறு என்று பேச்சு வந்தால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அவரை வெளியே போக விடாமல் நாங்களே எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறோம். அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

ஈரோட்டு மஞ்சள், மார்ச் 4, இரவு 8.50

பொருநைக் கரை தம்பி, உங்கள் கடைசி வரியை உங்கள் அப்பா சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா? என் கணவருக்கும் அதே நோய்தான். இரண்டு ஆண்டுகள் நானும் உங்களைப் போலவே எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். ஒரு நாள் அவர் தண்ணீர் கேட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், சொந்த வீட்டுச் சமையலறை வாசலில், எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான்.

பார்வை உள்ள எங்களுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரிகிறது. முழுதாகத் திறந்த கதவும் முழுதாக மூடிய கதவும் ஆபத்தில்லை. பாதி திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பிளக்கிறது என்பதை மூன்று தையலுக்குப் பிறகு கற்றுக்கொண்டேன். உப்புச் சாடியைத் துடைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி வைத்தால், அவருக்கு அது காணாமல் போனதற்குச் சமம். அழைத்துப் போகும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கோலின் நுனியைப் பிடித்து இழுப்பது அதைவிட மோசம். நம் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ள, நாம் அரை எட்டு முன்னே நடந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் நம் உடம்பின் அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "இங்கே", "அங்கே" என்ற சொற்களை எங்கள் வீட்டில் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. "உங்கள் வலக்கைக்கு இரண்டு சாண் தள்ளி" என்றுதான் சின்ன மகன்கூடச் சொல்கிறான்.

வரன் பற்றிச் சொன்னீர்கள். மறைத்துச் செய்த கல்யாணத்தில் மாமனாரின் கண் ஒரு நாள் தெரியவரும் அல்லவா? அன்று உங்கள் தங்கைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மேலும், கண் நீர் அழுத்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. நீங்களும் தங்கையும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலி எதுவும் இல்லாமல்தான் அது வரும்.

திரைவாசகன், மார்ச் 5, காலை 7.45

வேலை பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு தெளிவாக இருக்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆன ஊழியரை எந்த அரசு நிறுவனமும் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது. வகிக்கும் பணியைச் செய்ய இயலாவிட்டால், அதே ஊதிய விகிதமும் பணிப் பயன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், அது கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ, எது முந்தியதோ அதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது. எனவே வேலை போகாது. முதலில் மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையும் பெறுங்கள், பிறகு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அது வம்புப் பேச்சாக மட்டுமே சுற்றும்.

ஆனால் வேலை போகாது என்பது ஒன்று, வேலை கொடுப்பார்கள் என்பது வேறு. என் நண்பர் ஒருவருக்குச் சட்டப்படி எல்லாம் கிடைத்தது, நாற்காலியும் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு அவர் மேசைக்கு ஒரு தாள்கூட வரவில்லை. "நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள், சும்மா இருங்கள்" என்று அன்பாகச் சொன்னார்களாம். அந்த அன்பைத் தடுக்க, பார்வை இருக்கும்போதே, கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பழகிக்கொள்ளுங்கள். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசம். அதை எழுதத் தொடங்கியவரே பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலியர்தான். தமிழைப் படிக்கும் அதன் குரல் முதலில் தகரத்தைத் தட்டியதுபோல இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும், இரண்டு மாதத்தில் வேகத்தை நீங்களே கூட்டுவீர்கள். தட்டச்சுக்குத் தமிழ்99 முறையைப் பரிந்துரைக்கிறேன். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் இருப்பதால் விசைப்பலகையைப் பாராமலே விரல் ஓடும்.

அலுவலகங்களில் உண்மையான முட்டுக்கட்டை எழுத்துருதான். ஒருங்குறியில் (யூனிகோடு) இருந்தால் திரைவாசிப்பான் படிக்கும். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த சுற்றறிக்கையைத் திறந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது காதுக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வரும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறிக்கு மாற ஆணையிட்டது. ஆனால் பழைய கோப்புகள் பழையபடியேதான் இருக்கின்றன. எழுத்துரு மாற்றிகளைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த படங்களுக்கு, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் ஓரளவு கைகொடுக்கும், முத்திரையும் கையெழுத்தும் விழுந்த இடத்தில் மட்டும் உளறும்.

யாழிலிருந்து, மார்ச் 5, இரவு 10.10

நான் 2009இல் இறுதிப் போரில் எறிகணைச் சிதறல் பட்டு இரு கண்களையும் இழந்தவன். என்னோடு வைத்தியசாலை விறாந்தையில் கிடந்தவர்களில் கண்ணில் கட்டுப் போட்டவர்கள் பலர் இருந்தபடியால், எங்களுக்குள் கூட்டம் தானாகவே உண்டாகிவிட்டது. யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. உங்கள் நிலைமை எனக்கு அதைவிடக் கடினமாகப் படுகிறது. எனது பார்வை ஒரே நாளில் போனது. அடுத்த நாள் மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் பல வருடமாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டு, அதை ஒளித்துக்கொண்டும் இருக்கிறீர்கள். இங்கு நாங்கள் அதை வெள்ளைப் பிரம்பு என்போம். பிரம்பைப் பீரோவில் இருந்து இறக்குங்கோ, அண்ணா.

ஆறு புள்ளி, மார்ச் 6, காலை 6.05

கணக்கு ஆசிரியை அம்மாவுக்கு: அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டேன். நான் எழுதியதில் கடுமை இருந்தது. எங்கள் பள்ளியில் அழுதால் வார்டன் "ஏன், உனக்கு மட்டுமா?" என்று கேட்பார், அது என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விருதுபட்டிக்காரருக்கு: எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். விருதுநகரிலிருந்து உங்களுக்கு மதுரைதான் அருகில். சுந்தரராஜன்பட்டியில் இருக்கும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம், தாமே பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கியது. 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால், புத்தகத்தைவிட மனிதர்கள் பயன்படுவார்கள். சென்னைப் பக்கம் போனால், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. டேராடூனில் இருக்கும் அதன் தலைமையகத்தின் தொடக்கத்தைப் பலர் அறிய மாட்டார்கள். 1943இல் இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்கான விடுதியாகத்தான் அது தொடங்கியது. அதாவது, நாட்டின் தலைமை நிறுவனமே என்னைப் போன்ற பிறவியாளர்களுக்காக அல்ல, இடையில் இழந்த உங்களைப் போன்றவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. வரலாற்று ஆசிரியன் இதைச் சொல்லாமல் விட்டால் தவறு.

விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். திரைவாசிப்பான் இருக்கப் பிரெயில் எதற்கு என்பார்கள். காதால் கேட்பவருக்கு றகர ரகரம் எங்கே வரும், ஒற்று மிகுமா மிகாதா என்பது மெல்ல மெல்ல மறந்துபோகும். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் தமிழ் எழுதுவது அச்சுத் தமிழைவிட ஒழுங்கானது. கொம்பு முன்னே, கால் பின்னே என்ற தொல்லை கிடையாது. 'கொ' என்பதற்குக் ககரமும் அதை அடுத்து ஒகரமும், அவ்வளவுதான். மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் எழுத்தின் தலையில் ஏறாமல் அதற்கு முன்னால் ஒரு கட்டமாக (ஆறு புள்ளிகளுக்கான ஓர் இடம்) வரும். 'அம்மா' என்று எழுத ஐந்து கட்டம் போதும். 43 வயது விரலுக்கு வேகம் வராது, உண்மை. மிளகாய்த்தூள் டப்பாவில் ஒட்டும் பெயரைப் படிக்க வேகம் தேவையில்லை.

பொருநைக் கரை, மார்ச் 6, இரவு 9.15

ஈரோட்டு அக்காவின் கேள்வியை நேற்று அப்பாவிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாமிரபரணிப் படித்துறைக்குப் போய் ஒன்பது மாதம் ஆகிறது என்றார். நான் எண்ணியிருக்கவில்லை; அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கும் தங்கைக்கும் வரும் சனிக்கிழமை கண் பரிசோதனை.

விருதுபட்டிக்காரன், ஜூலை 14, இரவு 8.30

நான்கு மாதம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். புலப் பரிசோதனையில் வலக்கண் 8 பாகை, இடக்கண் 7 பாகை. அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டேன். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். குடத்தைப் பற்றிக் கேட்டவர் அன்று மாலை என் மேசைக்கு வந்து நின்றார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் குடம் தாழ்வாரத்தில் இல்லை, அறைக்குள் போயிருந்தது. கோப்புகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. பத்தில் நான்கு பழைய எழுத்துரு.

கோலோடு முதல் நாள் மதுரைப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, நின்றுகொண்டிருந்த என் கையில் ஓர் அம்மா பத்து ரூபாய் நாணயத்தை வைத்து அழுத்திவிட்டுப் போனார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. கணக்கு ஆசிரியை அம்மா சொன்ன மதுரைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு நாணயம் இருந்திருக்கிறது. ஒருவர் அதைச் செலவழிக்காமல் பூசை அறையில் வைத்திருக்கிறாராம். அவருக்கு என்னுடைய அதே நோய், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானும் முன்பு வெள்ளைச் சட்டைக்காரர்களின் பின்னால் நடப்பேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "போலீஸ்காரர் பின்னால் நடக்காதீர்கள், காக்கி மண் நிறத்தில் கலந்துவிடும்" என்றார். பதினான்கு ஆண்டுகளில் ஒருவருக்கும் விளக்க முடியாததை விளக்காமலே புரிந்துகொண்ட முதல் மனிதர் அவர்.

மதியம் இலை போட்டார்கள். இருட்டான கூடம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர், நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த ஓரத்தில், பொரியலும் கூட்டும் மேல் பாதியில், சோறு கீழ்ப்பாதியில் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உண்ணத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகள் கல்யாணப் பந்தியைக் கண்டு ஓடி ஒளிந்தவன் நான். தட்டில் எதை எங்கே வைப்பார்கள் என்பது பரிமாறுபவரின் விருப்பம், இலைக்கோ ஊரறிந்த வரிசை இருக்கிறது.

அம்மாவிடம், கண்ணாடிப் பெட்டி அவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. ஆனால் நான் கோலைச் சாத்தி வைக்கும் மூலையில் எப்போதும் இருக்கும் அரிசி வாளியை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், மகளும் மனைவியும் தாங்கள் இல்லை என்கிறார்கள்.

ஒரு சந்தேகம். கோலின் முனையில் இருக்கும் நைலான் குமிழ் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்துவிட்டது. முனை மட்டும் தனியாகக் கிடைக்குமா, முழுக் கோலையும் மாற்ற வேண்டுமா?

ஆறு புள்ளி, ஜூலை 15, காலை 6.10

முனை தனியாகக் கிடைக்கும். கொக்கி வகையா, சொருகு வகையா என்று பார்த்து, இரண்டாக வாங்கி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் கோலைக் கையில் திருப்பாமலே பிடிக்கிறீர்கள் என்று பொருள். வாரத்துக்கு ஒரு முறை கால் சுற்று திருப்பிப் பிடியுங்கள்.